பறவைத் தபால்தலைகளைத் தண்ணீரில் போடும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் உலக நாடுகளின் பறவைத் தபால்தலைகளைச் சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். பிள்ளைகளைத் தபால்தலைப் பக்கம் இழுக்கிற எந்த எழுத்தும் நல்லதுதான். ஆனால் அதில் கொடுத்திருந்த செய்முறையை ஒரு பிள்ளை அப்படியே பின்பற்றினால், சேர்த்ததில் பாதி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாழாகிவிடும். ‘உறையிலிருந்து வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, காய்ந்ததும் நோட்டில் கோந்து போட்டு ஒட்டவும்’ என்கிற ஒற்றை வரியில் மூன்று பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தவே இந்தக் கடிதம். சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதல் பிழை வெந்நீர். தபால்தலையின் பின்புறப் பசை கரைவதற்கு அறைச் சூட்டில் இருக்கும் குழாய்த் தண்ணீரே போதும். வெந்நீரில் பசை சீக்கிரம் இளகும் என்பது உண்மை. அதோடு உறையின் சாயமும், முத்திரை மையும், சில நேரம் தலையின் வண்ணமும் சேர்ந்து இளகும். அகலமான தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, தலையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தாள் இருக்கும்படி வெட்டிய துண்டுகளைப் படம் மேலே பார்க்க மிதக்க விட வேண்டும். ஒரு தடவைக்குப் பதினைந்து இருபதுக்கு மேல் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டிக்கொள்ளும். கால் மணியிலிருந்து அரை மணிக்குள் தலை தானாக வழுக்கிக்கொண்டு வரும். வராவிட்டால் இன்னும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டுமே தவிர, நகத்தால் உரிக்கக் கூடாது. ஈரத்தில் தாளின் வலு போய்விடும். இழுத்த இடத்தில் பின்புறம் மெல்லிய குழி விழும். முன்னால் பார்த்தால் தெரியாது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். அப்படிப்பட்ட தலையை எந்தச் சேகரிப்பாளரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார்.

கழன்று வந்த தலையை அப்படியே காயவைப்பதும் தவறு. வேறு பாத்திரத்தில் நல்ல தண்ணீர் வைத்து இன்னொரு முறை அலச வேண்டும். மிச்சப் பசை ஒரு துளி இருந்தாலும் மழைக்காலத்தில் அது உயிர்பெற்று ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மையொற்றுத்தாள் மேலோ, சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணி மேலோ படம் கீழே பார்க்க வைக்க வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஈரத்தில் தலையில் ஏறும் (இதைச் செய்தித்தாளுக்கே எழுத வேண்டியிருப்பதை மன்னிக்கவும்). முக்கால் பங்கு காய்ந்ததும் இரண்டு மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு விட வேண்டும். முழுதும் காயவிட்டால் அப்பளம்போல் சுருண்டுவிடும். பிறகு அழுத்தினால் மடிப்பு விழும்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருப்பார்கள். அந்தத் துண்டை மற்றவற்றோடு போட்டால் தட்டிலிருக்கும் எல்லாத் தலையின் வெள்ளை ஓரமும் மஞ்சளாகும். சிவப்பு, பச்சை, காக்கி உறைகளும், வெளிநாட்டு விமானத் தபால் உறைகளின் நீல-சிவப்புக் கரையும் இதே வேலையைச் செய்யும். இவற்றைத் தனித்தனியாக, குளிர்ந்த நீரில், சாயம் இறங்கத் தொடங்கியதும் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். வெட்டும்போதே மஞ்சள் பட்ட தாளைக் களைந்துவிடுவது இன்னும் நல்லது.

இனி, தண்ணீரே படக் கூடாத தலைகள். இந்தியாவின் பறவைத் தலைகளைத் தேடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது 1994 நவம்பரில் வந்த நீர்ப்பறவைத் தொகுதி. அந்தமான் கிளுவை, கிழக்கத்திய வெள்ளை நாரை, கருங்கழுத்துக் கொக்கு, பல பத்தாண்டுகளாக உறுதியாகக் காணப்படாத இளஞ்சிவப்புத் தலை வாத்து என நான்கும் ஒட்டியபடியே அச்சான தொகுதி அது. நீரில் கரையும் மையில் அச்சாகிவிட்டதால் வெளியான கையோடு அஞ்சல்துறை அதைத் திரும்பப் பெற்றது. இன்று அது தேடிப் பிடிக்க வேண்டிய பொருளாக இருப்பதற்கும் அதுவே காரணம். பழைய உறைகளின் கட்டு ஒன்றில் அது கிடைத்து, கட்டுரையில் சொன்னபடி ஒரு பிள்ளை வெந்நீரில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீர்ப்பறவைகள் நீரிலேயே கரைந்துபோகும்! உறையில் ஒட்டியபடி கிடைத்தால் உறையோடே வைக்க வேண்டும். ஒட்டாத புதுத் தலையாகக் கிடைத்தாலும் வியர்வைக் கை படக் கூடாது. நாக்கால் நனைத்து ஒட்டும் ஹிஞ்ச் என்ற ஒட்டுத்தாளும் கூடாது.

தெரியாத தலை என்றால் ஒரு சோதனை செய்யலாம். சற்றே ஈரமாக்கிய பஞ்சை, படத்தின் ஓரத்தில் அழுத்தமான நிறம் இருக்கிற ஒரு முனையில் லேசாக ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் தலையைத் தாளோடே விட்டுவிட வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற மட்டும்தான்.

இரண்டாவது வகை, ஸ்டிக்கர்போல் உரித்து ஒட்டும் தலைகள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து இப்போது வரும் பறவைத் தலைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். பழைய ஸ்டிக்கர் தலைகளில் பசைக்கும் தாளுக்கும் நடுவே நீரில் கரையும் ஒரு படலம் இருந்தது. அவை கழன்று வரும். பின்னால் வந்த பலவற்றில், குறிப்பாக அமெரிக்கத் தலைகளில், அந்தப் படலம் கிடையாது. ஒரு நாள் முழுதும் ஊறவைத்தாலும் பிசுபிசுவென்று பசை மிஞ்சும், தலை நைந்துபோகும். பெட்ரோல், தின்னர் என்று பிள்ளைகளிடம் யாரும் யோசனை சொல்ல வேண்டாம். தலையைச் சுற்றி ஐந்து மில்லிமீட்டர் தாள் விட்டு நேராகக் கத்தரித்து அப்படியே வைத்துக்கொள்வதே போதும். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இன்று அப்படித்தான் வைக்கிறார்கள், மதிப்பு குறையாது.

இரண்டாவது பிழை, எல்லா உறையையும் வெட்டச் சொன்னது. முதல்நாள் உறையிலும் (தலை வெளியான அன்றே முத்திரை குத்திய உறை), பறவைச் சித்திர முத்திரை குத்திய உறையிலும் கத்தரியே படக் கூடாது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. தலை, முத்திரை, தேதி, ஊர் நான்கும் சேர்ந்ததுதான் அதன் பெறுமதி. வெட்டி எடுத்தால் மிஞ்சுவது ஒரு சாதாரணத் தலை.

மூன்றாவது பிழை கோந்து. கோந்து, ஃபெவிகால், செல்லோடேப் எதுவும் தலையின் பின்புறம் படக் கூடாது. செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளின் முன்பக்கம் வரை ஊடுருவும், எடுக்கவே முடியாது. பள்ளிக் கண்காட்சிகளில் லேமினேட் செய்த பறவைத் தலைகளைப் பார்க்க முடிகிறது. லேமினேட் செய்த நிமிடத்திலேயே அது தபால்தலை என்ற நிலையை இழந்து வெறும் படமாகிவிடுகிறது. முத்திரை குத்திய தலைகளுக்கு ஹிஞ்ச் என்ற சின்ன ஒட்டுத்தாளைப் பயன்படுத்தலாம். அதை மூன்றில் ஒரு பங்கில் மடித்து, சிறிய பக்கத்தைத் தலையின் மேல் ஓரத்தில் துளைகளுக்குச் சற்றுக் கீழேயும், பெரிய பக்கத்தை ஆல்பத்திலும் மிகக் குறைந்த ஈரத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டிய கையோடு எடுத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. முழுதும் காய்ந்த பிறகுதான் ஹிஞ்ச் சேதமின்றி உரியும். பின்புறப் பசை கெடாத புதுத் தலைக்கு ஹிஞ்ச் போட்டால் ‘மின்ட்’ என்ற தகுதியில் பெரும்பகுதி போய்விடும். அதற்கு மவுண்ட் என்கிற ஒளிபுகும் உறை இருக்கிறது. தலையைவிட இரண்டு மில்லிமீட்டர் அகலமாக வெட்டிச் செருக வேண்டும்.

தொடங்குகிற பிள்ளைக்கு இவை இரண்டுமே வேண்டாம். பதினாறு பக்க ஸ்டாக் புக் (தலைகளை ஒட்டாமல் செருகி வைக்கும் ஏடு) ஒன்று, தட்டையான முனையுள்ள ஸ்டாம்ப் இடுக்கி ஒன்று, ஒரு பூதக்கண்ணாடி, தலையின் ஓரத் துளைகளை அளக்கும் அட்டை ஒன்று, இவ்வளவு போதும். புருவம் திருத்துகிற கூர்முனை இடுக்கி தலையைக் குத்தும்.

நம் சீதோஷ்ணத்தில் தலைகளுக்கு முதல் எதிரி ஈரப்பதம். புதுத் தலைகளின் பசை கார்த்திகை மழையில் தானாக இளகி, எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டாக் புக்கை நூலகப் புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்கவைத்து மேலே பத்துப் புத்தகத்தை அடுக்கினால் ஒட்டுவது நிச்சயம். பக்கங்களுக்கு நடுவே கிளாசின் என்ற மெல்லிய வழவழப்பான தாள் இருக்கிற ஆல்பமாகப் பார்த்து வாங்க வேண்டும். மழைக்கோட்டு வாசனை அடிக்கிற மலிவான பிளாஸ்டிக் உறைகள் பி.வி.சி. வகை. அதிலிருந்து கசியும் இளக்கி எண்ணெய் தலையின் மையை உறிஞ்சி, பறவையின் நிழலைப் பிளாஸ்டிக்கில் பதித்துவிடும். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் உறைகளில் இந்தத் தொல்லை இல்லை. பாச்சை உருண்டையை ஆல்பத்துக்குள் போடக் கூடாது. அலமாரியின் மூலையில்கூட வேண்டாம் என்போம். வேப்பிலையும் அப்படித்தான்: பச்சையாக வைத்தால் அதன் ஈரமே பூஞ்சைக்கு அழைப்பு. இராமபாணப் பூச்சிக்குச் சரியான மருந்து, மாதம் ஒருமுறை ஈரமில்லாத நாளில் ஆல்பத்தை விரித்து மின்விசிறிக் காற்றில் அரை மணி வைப்பதுதான். வெயிலில் வைக்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். அலமாரியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். தலையில் துருப்போலப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதை உடனே தனியே பிரித்து வைக்காவிட்டால் பக்கம் முழுதும் பரவும்.

ஏற்கனவே ஒட்டிக்கொண்ட புதுத் தலைகளைப் பிரிக்கவும் வழியுண்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு, அதன்மேல் ஈரம் தொடாத உயரத்தில் ஒரு வலைத்தட்டு, தட்டின்மேல் ஒட்டிய தலைகள். மூடிவிட்டு இரண்டு மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பசை இளகியதும் இடுக்கியால் மெல்லப் பிரித்து, பசைப்பக்கம் மேலே பார்க்கக் காயவிட வேண்டும். பசையின் பளபளப்பு கொஞ்சம் குறையும், தலை பிழைக்கும். 1994 தொகுதிக்கு இதையும் செய்யக் கூடாது.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. ‘நூறு பறவைத் தலைகள் ஒரே பொட்டலத்தில்’ வாங்கலாம் என்று கட்டுரை சொல்கிறது. வாங்கலாம், ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்து வாங்க வேண்டும். அந்தப் பொட்டலங்களில் வழக்கமாக அஜ்மான், ஃபுஜைரா, மனாமா, உம்முல் குவைன் என்ற பெயர்கள் நிறைய இருக்கும். இவை 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் வளைகுடாவின் சிறு ஆட்சிப்பகுதிகள் பெயரில் சேகரிப்பாளர்களுக்காகவே கட்டுக்கட்டாக அச்சடித்தவை. மூலையில் அழகாகக் கால்வட்ட முத்திரை விழுந்திருக்கும், திருப்பிப் பார்த்தால் பசை அப்படியே இருக்கும். எந்தக் கடிதத்திலும் போகாத தலை அது. போலந்து, ஹங்கேரி, கியூபா நாடுகளின் அக்காலப் பறவைத் தலைகளிலும் இப்படி அச்சகத்திலேயே முத்திரை குத்தியவை ஏராளம். ஆனால் அவை உண்மையான அஞ்சல்துறை வெளியிட்டவை, படமும் பெரும்பாலும் அருமையாக இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது: முழுப் போலி. அப்காசியா, துவா, புரியாத்தியா, கல்மீக்கியா போன்ற பெயர்களில் 1990-களிலிருந்து வந்த ஆந்தைகளும் கிளிகளும் பெரும்பாலும் எந்த அஞ்சலகமும் விற்காதவை. ருவாண்டா, காங்கோ போன்ற உண்மையான ஆப்பிரிக்க நாடுகளின் பெயரிலேயே, அந்த நாட்டுக்குத் தெரியாமல் அச்சடித்த மினியேச்சர் ஷீட்டுகளும் (ஒன்றோ சில தலைகளோ உள்ள சிறு தாள்கள்) உண்டு. ஒரே ஷீட்டில் ஆந்தையும் சாரணர் சின்னமும் சதுரங்கக் காயும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். 2002 முதல் உலக அஞ்சல் ஒன்றியம் நடத்தும் டபிள்யூ.என்.எஸ். பதிவேட்டில் உறுப்பு நாடுகளின் அதிகாரபூர்வத் தலைகள் எண்ணோடு இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எல்லா நாடும் அதில் பதிவதில்லை என்பதால், அங்கே இல்லாததெல்லாம் போலி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிக்கேல் ஆகிய கேட்லாக்குகளில் (தலைகளை எண்ணும் விலையும் போட்டுப் பட்டியலிடும் நூல்கள்) ஏதாவது ஒன்றிலாவது முறையான எண் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த சோதனை.

பொட்டலத்துக்குக் கொடுக்கும் காசை ஒரே நாட்டின் ஒரே தொடருக்குக் கொடுத்தால் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம் பெரிது. பெல்ஜியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டின் அன்றாடத் தபாலுக்கான சின்னப் பறவைத் தலைகளை 1985 முதல் ஆந்த்ரே புசான் என்ற ஓவியர் வரைந்தார். முதலில் ஃபிராங்க் விலையில், பிறகு ஃபிராங்க்-யூரோ இரண்டும் போட்டு, கடைசியில் யூரோவில் மட்டும் என்று நாணயமே மாறியதை அந்தக் குருவிகளை வைத்துச் சொல்லிவிடலாம். அன்றாடத் தபாலில் ஓடியவை என்பதால் முத்திரை குத்திய தலைகள் மலிவாகவே கிடைக்கும். தபால்தலைக் கடைக்காரரிடம் ‘பெல்ஜியம் பறவை’ என்று கேட்டாலே கையளவு அள்ளிப் போடுவார்.

1965-ல் மொரீஷியஸ் வெளியிட்ட பதினைந்து பறவைத் தலைகள் வேறு வகை. ஒரு ரூபாய்த் தலையில் டோடோ, அதற்கு மேலுள்ள விலைகளில் ரோட்ரிகஸ் சாலிட்டேர், செந்நிறக் கானாங்கோழி, அகல அலகுக் கிளி என அழிந்துபோனவை வரிசையாக வரும். விலை ஏற ஏறப் பறவை இல்லாமல் போகிறது! அதே ஆண்டு மலேசியா வெளியிட்ட எட்டு பறவைத் தலைகளில் 25 காசில் தொடங்கிப் பத்து வெள்ளி (டாலர்) வரை போகும்போது இருவாட்சி, கருங்கழுத்து மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான் என்று நமக்கும் சொந்தமான முகங்கள் வரும். மலேசிய உறவினரிடமிருந்து வந்த பழைய கடிதங்கள் பரணில் இருக்கும் வீடுகளில் தேடிப் பார்க்கலாம்.

துளை அளப்பதைக் கற்றுக்கொள்ள 1982-ல் அமெரிக்கா வெளியிட்ட மாநிலப் பறவை-மலர்த் தொகுதியைவிட நல்ல பாடம் இல்லை. ஐம்பது மாநிலத்துக்கு ஐம்பது தலை, ஒவ்வொன்றும் 20 சென்ட். கார்டினல் என்ற சிவப்புப் பறவை மட்டும் ஏழு மாநிலங்களுக்குச் சொந்தம். ஆகவே ஐம்பது தலை என்றால் ஐம்பது பறவை என்று எண்ணிவிடக் கூடாது. இந்தத் தொகுதி இரண்டு துளை அளவுகளில் வந்தது: 10½ × 11¼ ஒன்று, 11¼ × 11 மற்றொன்று. இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை விழுகிறது என்பதுதான் இந்த எண். முதல் எண் மேல்-கீழ் ஓரத்துக்கு, இரண்டாவது பக்க ஓரத்துக்கு. படம், நிறம், தாள் எல்லாம் ஒன்றேதான். அட்டையை வைத்து அளக்காதவர் இரண்டையும் கலந்து ஒரு தொகுதியாக வைத்திருப்பார், கடைசி வரை தெரியாது.

பிரிட்டன் 1966 ஆகஸ்டில் நான்கு பென்னி விலையில் வெளியிட்ட பறவைத் தலைகளிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. கருந்தலைக் கடற்காகம், நீலச் சிட்டு, ராபின், கரும்பறவை நான்கும் சேர்ந்த தொகுதி சாதாரணத் தாளிலும், பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சுப் பட்டை அச்சடித்தும் வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாலோ, புறஊதா விளக்கில் வைத்தாலோ பட்டை தெரியும். அச்சில் ஏதாவது ஒரு வண்ணம் விழாமல் போன பிழைத் தலைகளுக்குப் பெயர்பெற்ற வெளியீடு அது. அதனால்தான் ‘சிவப்பு விடுபட்ட ராபின்’ என்று யாராவது நீட்டினால் உடனே பணத்தை எடுக்கக் கூடாது. வெயிலும் ரசாயனமும் ஒரு வண்ணத்தை மட்டும் போக்கிவிடும். அனுபவமுள்ள சங்கத்தின் சான்றிதழ் இல்லாமல் பிழைத் தலைகளைப் பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

‘பழைய பறவைத் தலை என்றால் இலட்சக்கணக்கில் விலை’ என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் வருகிறது. பெரும்பாலானவற்றுக்கு இது பொய். கேட்லாக்கின் அடிமட்ட விலை தலையின் விலையல்ல. கடைக்காரர் தேடியெடுத்துக் கொடுக்கிற கூலி. இலட்சம் பேசுவது விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். 1845 ஜூலை 1-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் வெளியிட்ட இரண்டரை ரப்பன் (சுவிஸ் காசு) தலை அதில் ஒன்று. கறுப்பு, சிவப்பு, நீலம் மூன்றும் சேர்ந்து, நடுவே புடைப்பாக எழும்பிய வெள்ளைப் புறா. உலகின் முதல் பறவைத் தலை எது என்பதற்கு அதுதான் விடை. கட்டுரை 1854-ன் மேற்கு ஆஸ்திரேலியக் கருப்பு அன்னத்தைச் சொல்கிறது. அது ஒன்பது ஆண்டு பிந்தியது. (அந்த அன்னத்தின் நான்கு பென்னித் தலையில் வந்த புகழ்பெற்ற ‘தலைகீழ் அன்னம்’ என்ற பிழையில் அன்னம் நேராகத்தான் இருக்கிறது, தலைகீழாக நிற்பது அதைச் சுற்றியுள்ள சட்டகம்.) 1875-ல் ஜப்பான் காட்டு வாத்து, வாலாட்டி, வல்லூறு மூன்றையும் வெளியிட்டது. 1898-ல் நியூசிலாந்தின் மூன்று பென்னித் தலையில் ஹுயா இணை ஒன்று இருக்கிறது. பெண்ணுக்கு நீண்டு வளைந்த அலகு, ஆணுக்குக் குட்டை அலகு என்ற வேறுபாட்டைக் காட்ட இரண்டையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். உறுதியான கடைசிப் பார்வை 1907-ல். பிறகு ஹுயா இல்லை.

அமெரிக்காவின் ‘வாத்துத் தலை’யைத் தபால்தலை என்று கட்டுரை எழுதியதும் பிழை. 1934-ல் தொடங்கிய அது வாத்து வேட்டைக்கான உரிமச் சீட்டு, வருவாய்த் தலை. கடிதத்தில் ஒட்ட முடியாது. அதன் பணம் நீர்ப்பறவைகளின் வாழிடங்களை வாங்கப் போகிறது. பறவைச் சேகரிப்பில் அதற்கு இடமுண்டு, தனிப் பக்கத்தில். 1959-ம் ஆண்டுத் தலையில் வாத்தைவிடப் பெரிதாக ஒரு லாப்ரடார் நாய் நிற்கும், வாயில் வாத்தோடு.

பறவைப் பெயர்கள் விஷயத்தில் தமிழில் நமக்கு ஒரு கூடுதல் சிக்கல். ‘கொக்கு’ என்றால் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கும் அதுதான், 1983-ல் இந்தியா தலை வெளியிட்ட சைபீரியப் பெருங்கொக்கும் அதுதான்; செய்தித்தாள்களில் அதையே ‘சைபீரிய நாரை’ என்றும் எழுதுவார்கள். மூன்று வெவ்வேறு குடும்பங்கள் இரண்டு சொற்களுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆங்கிலப் பெயரை நம்பினாலும் தப்பவில்லை. 1968 டிசம்பர் 31-ல் வந்த இந்தியத் தொடரின் இரண்டு ரூபாய்த் தலையில் மஞ்சள் முதுகுத் தேன்சிட்டு என்று இருக்கும் பறவையை இன்றைய பட்டியல்கள் செந்நிறத் தேன்சிட்டு என்கின்றன. ஆகவே ஒவ்வொரு தலைக்கும் கீழே தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், நாடு, ஆண்டு, விலை, துளை அளவு, கேட்லாக் எண் ஆகிய ஏழு விவரங்களையும் பென்சிலில் எழுதும் பழக்கம் வேண்டும். பேனா மை ஆல்பத்தில் வேண்டாம்.

உலகம் முழுவதையும் சேர்க்கப் புறப்பட்டால் ஒரு ஆயுளில் முடியாது. பறவை இனங்களே பத்தாயிரத்துக்கு மேல். ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது: மீன்கொத்தி, ஆந்தை, இருவாட்சி, கொக்கு எதுவானாலும். இல்லையென்றால் நம் தெருவில் நிற்கிற பறவைகளை வெளிநாட்டுத் தலைகளில் தேடலாம். சிட்டுக்குருவி, கொண்டலாத்தி, உண்ணிக்கொக்கு, சிறுநீல மீன்கொத்தி இவற்றுக்குத் தலை வெளியிட்ட நாடுகள் கணக்கில்லாதவை. சிறுநீல மீன்கொத்தி 1980-ன் பிரிட்டன் தலையில்கூட உண்டு. இந்தியத் தலைகளில் தொடங்குகிறவர்களுக்கு 1975-ன் நான்கு (ஆறுமணிக்குருவி, கருந்தலை மாங்குயில், இமயமலைக் கோழிகள் இரண்டு), 1980-ன் கானமயில், 1992-ன் விராலடிப்பானும் பைரியும் உள்ள கொன்றுண்ணிகள், 1996-ல் சாலிம் அலி நூற்றாண்டுக்கு வந்த இரண்டு, 2006-ன் அருகிவரும் பறவைகள் நான்கு, 2010-ன் புறாவும் சிட்டுக்குருவியும் நல்ல அடித்தளம். 2006-ல் உள்ள நீலகிரிச் சிரிப்பானைப் பார்க்க ஊட்டிக்குப் போனால் போதும்.

புதிய இந்தியத் தலைகளுக்கு, கடைக்காரரை நாடாமல் அஞ்சலகத் தபால்தலைப் பிரிவில் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கலாம். குறைந்தது 200 ரூபாய் கட்டினால் முகமதிப்புக்கே வீட்டுக்கு வந்துவிடும். சென்னையில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் இந்தப் பிரிவு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ‘ஸ்பர்ஷ்’ என்ற திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகையும் அஞ்சல்துறை தருகிறது. வினாடி வினாவும் தபால்தலைச் செயல்திட்டமும் வைத்துத் தேர்வு செய்வார்கள். பள்ளியில் தபால்தலை மன்றம் இருக்க வேண்டும், அல்லது பிள்ளையின் பெயரில் அந்த வைப்புக் கணக்கு இருக்க வேண்டும். இதைக் கட்டுரையில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் வெந்நீரைவிடப் பயன்பட்டிருக்கும்.

அடுத்த இதழின் சிறுவர் பக்கத்தில் ‘வெந்நீர் வேண்டாம், கோந்து வேண்டாம், 1994 நீர்ப்பறவைத் தலையில் தண்ணீரே படவேண்டாம்’ என்ற திருத்தத்தையாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பறவைத் தபால்தலைச் சேகரிப்பாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.

பி.கு.: கட்டுரையோடு அச்சான 50 பைசாத் தலையின் படத்துக்குக் கீழே ‘தூக்கணாங்குருவி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது 1975-ன் கருந்தலை மாங்குயில். தலைமேலேயே ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவும்.